அத்தை தெருவில் ஒரு குலுக்கல்

வகுப்பறைத் திரையில் அன்று எங்கள் ஊர் வந்தது. பேர் போடவில்லை. 'தென்னிந்தியா, பட்டாசுத் தொழிலாளர்கள்' என்று மட்டும் கீழே எழுதியிருந்தது. ஆனால் வெயிலில் பரப்பிக் கிடந்த காகிதக் குழாய்களையும், தார்ப்பாய் நிழலில் காலை நீட்டி உட்கார்ந்து சரம் பின்னுகிற பெண்களையும், அவர்கள் முழங்கைவரை அப்பியிருந்த வெள்ளிப்பொடியையும் பார்த்ததுமே எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை.

"இவர்களிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது?" என்றார் ஆசிரியை. பன்னாட்டு வளர்ச்சிக்கான ஆய்வு முறைகள் என்பது பாடத்தின் பெயர். முதுகலைப் படிப்பு. உதவித்தொகை கிடைத்துக் கடல் தாண்டி வந்திருந்தேன். வெளியே எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கிற ஊர் அது. கூடப் படித்தவர்கள் பல நாட்டுக்காரர்கள், எல்லாரும் கையைத் தூக்கினார்கள். ஒருவன் கூலியைப் பற்றிக் கேட்பேன் என்றான். ஒருத்தி பாதுகாப்பைப் பற்றி. இன்னொருத்தி வீட்டில் யார் பேச்சு எடுபடுகிறது என்று கேட்பாளாம். எல்லாமே நல்ல கேள்விகள், அதுதான் எரிச்சல். எனக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அந்தப் பெண்கள் என் அத்தை போகிற கம்பெனி வேனில் கூடப் போகிறவர்களைப் போலவே இருந்தார்கள். அவர்களிடம் 'சாப்பிட்டீகளா' என்பதற்கு மேல் நான் எதையும் கேட்டதில்லை.

அந்த எரிச்சலில்தான் ஆய்வேட்டுக்கு ஊரையே எடுத்துக்கொண்டேன். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் வெடி ஆபீஸ் என்போம். தீபாவளி முடிந்து வெடி ஆபீஸ்கள் மூடிக்கிடக்கிற மாதங்களில் குடும்பங்கள் எப்படிச் சமாளிக்கின்றன என்பது என் தலைப்பு. வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர் நிதானமான மனிதர். ஒரு வாக்கியம் பேசிவிட்டு அடுத்த வாக்கியத்துக்கு முன்னால் தேநீர் குடிப்பார். அதற்குள் எனக்கு நாலு யோசனை வந்து போயிருக்கும்.

"சொந்தக்காரர்களைச் சேர்க்காதே" என்றார். தேநீர். "யார் வீட்டில் கேட்பது என்பதை நீ முடிவு செய்யாதே. சீட்டு எடு." தேநீர். "பதிலுக்குக் காசோ பொருளோ கொடுக்காதே." எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு வாய்ப்பு. சமவாய்ப்பு மாதிரி என்று புத்தகத் தமிழில் அதற்குப் பேர். எனக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்திருந்தது. கூலி வேலைக்குப் போகிற எங்கள் சனத்துக்கு எதிலும் சமவாய்ப்பு கிடைத்து நான் பார்த்ததில்லை. என் ஆய்விலாவது கிடைக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோடையில் ஊருக்கு வந்தேன். அப்பாவுக்குத் திருத்தங்கலில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் வேலை, கட்டிங் மிஷினும் நம்பரிங் மிஷினும் அவர் பொறுப்பு. வீட்டுக்கு ஒரு நம்பர் கொடுத்து, குடத்தில் போட்டு எடுக்கப்போகிறேன் என்று சொன்னேன். பழைய நோட்டைக் கிழித்து எழுதிக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை.

"ஃபாரின்ல படிக்க பிள்ள, கிழிச்ச தாளையா கொண்டுபோயி நீட்டுவ?"

மறுநாள் சாயங்காலம் ஒரு கட்டோடு வந்தார். ஏதோ ஒரு கடையின் தீபாவளி ஆர்டரில் மிஞ்சிய தாளாம். வழவழவென்று இருந்தது. சுற்றிலும் தங்கக் கலரில் கொடி, மூலைக்கு மூலை நட்சத்திரம் வெடித்துச் சிதறுகிற மாதிரி ஒரு படம். கடைப் பேர் இருந்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு பக்கமும் ஒரே நம்பர் அடித்து, நடுவில் ஓட்டை வரிசை போட்டு, இழுத்தால் சரிபாதியாகக் கிழிகிற மாதிரி செய்திருந்தார். ஒரு பாதி வீட்டுக்காரர்கள் கையில், மறுபாதி குடத்தில். "இனி நம்பர் மாறிப்போச்சுன்னு எவனும் சொல்ல முடியாதுல்ல?" என்றார். முகமெல்லாம் பூரிப்பு.

எனக்கும் சந்தோஷம்தான். எந்த நம்பர் எந்த வீடு என்று குழம்பாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. படம் எடுத்து வழிகாட்டிக்கு அனுப்பினேன். மிக அழகு என்று பதில் வந்தது. அவருக்கு எப்படித் தெரியும்? அப்பா இந்த மாதிரித் தாளை நாள் முழுக்க வெட்டிப் போடுகிறவர், அவருக்கு அது வெறும் தாள். நானோ மாதக்கணக்காகச் சமவாய்ப்பைத் தவிர வேறு எதையும் நினைக்காமல் அலைந்துகொண்டிருந்தவள்.

அத்தை இருப்பது ஆமத்தூர்ப் பக்கம் ஒரு காலனியில். அப்பாவுடன் பிறந்தவள். மாமா காமாலையில் போய்விட்டார். பிள்ளைகள் கிடையாது. ஆனால் அவள் தனியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தால், யார் வந்தாச்சு, யார் இன்னும் தலை வாரிக்கொண்டிருக்கிறாள் என்று தலை எண்ணி ஏற்றுவது அத்தைதான். யாருக்காவது பிரசவ வலி எடுத்தால் ஆஸ்பத்திரிக்குக் கூட ஓடுவது அவள். எந்த வீட்டிலாவது புருஷன்காரன் குடித்துவிட்டு வந்து கலாட்டா பண்ணினால் அத்தை வாசலில் வந்து நிற்பாள், அவன் அடங்கிவிடுவான். தெருதான் அவளுக்குக் குடும்பம். அதை விட்டால் அவளுக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது.

"ஏ மருமகளே, நீ பாட்டுக்கு வாசல்ல போயி நின்னு கேள்வி கேட்டா எவ பதில் சொல்லுவா? எம்புட்டுப் பேரு வந்து எழுதிட்டுப் போயிருக்காக தெரியுமா? நான் சொல்லுதேன், கதவத் தெறப்பாக" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எம் பேச்ச நம்பித்தான் ஒன்ன உள்ள விடுவாக. நீ போயிருவ. நான் இவுகளோட இங்கனதான் இருந்து வாளணும். எனக்குத் தலகுனிவு வாரமாதிரி எதுவும் பண்ணிராத தாயி."

"கேள்விதான அத்த கேக்கப்போறேன், கொள்ளையா அடிக்கப்போறேன்?" என்றேன், செருப்பை மாட்டிக்கொண்டே.

கோடையில் வெடி ஆபீஸ் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். வேன் கொண்டுவந்து இறக்கியதும் பெண்கள் நேராகத் தண்ணீர்த் தொட்டிக்குப் போவார்கள். பொடியைக் கழுவாமல் பிள்ளைகளைத் தூக்கமாட்டார்கள். அதற்குப் பிறகு சோறு, கொஞ்சம் கண்ணயர்வு. எனவே ஒரு சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் எல்லாரும் கூடினோம். எவர்சில்வர் குடம் அத்தையுடையது, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்திருந்தாள். வீட்டுக்கு ஒரு சீட்டாகக் கிழித்துப் பாதியைக் கையில் கொடுத்து, பாதியைக் குடத்தில் போட்டேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி வாய்ப்பு, யார் நம்பர் வருதோ அவர்கள் வீட்டுக்கு நான் வருவேன், இஷ்டம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்று விளக்கினேன். வேண்டாம் என்று சொல்லலாம் என்றதும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. என்மேல் உள்ள பிரியம் என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தையும் கையை நீட்டினாள். "எனக்கு ஒண்ணு கொடு."

"ஒங்களுக்குக் கெடையாது அத்த. சொந்தக்காரங்களச் சேக்கக் கூடாது. அது சட்டம்."

அத்தை என் முகத்தையே பார்த்தாள். வருத்தப்படுகிறாளோ என்று நினைப்பதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "கேட்டுக்கிட்டீகளா? எனக்கே இல்லங்கா எம் மருமக!" என்று சத்தம் போட்டாள். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு போயிற்று. நிறைந்த மனசோடு தலையாட்டுகிற முணுமுணுப்பு.

கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுத்தேன். நம்பரைப் படித்தேன். அந்த நம்பர்க்காரி எழுந்து ஓடிவந்து சூடம் கொளுத்த, பெண்கள் குலவை போட்டார்கள். அடுத்த நம்பருக்கும் குலவை. நம்பர் வராதவர்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள், மறுகுலுக்கல் உண்டா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். ஒரு ஆராய்ச்சிக்கு இத்தனை ஆர்வமா என்று எனக்கே புல்லரித்தது. மக்களின் பங்கேற்பு மிகச் சிறப்பாக இருக்கிறது என்று அன்றைக்கே வழிகாட்டிக்கு எழுதினேன்.

பேட்டிகள் ஆரம்பித்தன. போன வீட்டிலெல்லாம் எனக்குக் கலர் சோடா வாங்கி வைத்திருந்தார்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். கேள்வியை முடிப்பதற்குள் கண்ணீர் வந்தது. தீபாவளிக்கு அப்புறம் என்ன செய்வீர்கள் என்றால் கஞ்சி என்றார்கள். வேறு வேலைக்குப் போவீர்களா என்றால் எங்க போக என்றார்கள். ஒரு வீட்டில் சுவரில் டிவி மாட்டுகிற கம்பி மட்டும் இருந்தது, வயர் தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் மூலையில் ஆள் உயரத்துக்குப் போர்வை போர்த்தி எதையோ மறைத்திருந்தார்கள். "அது என்னதுக்கா?" என்றேன். "நெல்லு மூடை பாப்பா" என்றாள் அந்த வீட்டுக்காரி. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே நெல் மூடை கிர்ரென்று ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரும் அதைக் கேட்காத மாதிரி இருந்தோம்.

சீசன் முடிந்ததும் இந்தப் பெண்களில் பாதிப் பேர் காலண்டர் பைண்டிங்குக்குப் போவார்கள் என்பது எனக்குத் தெரியும். அத்தையோடு அவர்கள் போவதை நானே சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் எனக்குத் தெரிந்ததை எழுதக் கூடாது, அவர்கள் சொன்னதைத்தான் எழுத வேண்டும். கேட்கிறவருக்கு ஏற்ற மாதிரி பதிலை வளைப்பதற்குப் பாடத்தில் பேர் இருந்தது, காரணங்கள் இருந்தன, அவற்றைத் தவிர்க்கும் வழிகள்கூட இருந்தன. ஒன்றும் இங்கே பொருந்தவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நடந்தேன். வழியில் பஸ் என்னைத் தாண்டிப் போகும்போது பஸ்ஸைத் திட்டினேன். வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறப்பேன், மூடுவேன், மாடிக்குப் போவேன், இறங்குவேன். "கால்ல சக்கரமா கட்டியிருக்க?" என்று அப்பா கேட்டார்.

விஷயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உடைந்தது. நான் அத்தை வீட்டில் இருந்தேன். நம்பர் வந்தவர்களில் ஒருத்தி, கைக்குழந்தைக்காரி, ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். ரேஷன் கார்டு ஜெராக்ஸ், ஆதார் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் இருந்தது. கூடவே நான் கொடுத்த பாதிச் சீட்டு. சுருங்கிவிடாமல் லேமினேஷன் பண்ணியிருந்தாள்.

"வேற எதுவும் ப்ரூஃப் வேணுமா பாப்பா?" என்றாள். "வண்டிங்காக, வீடுங்காக, ஆளுக்கு ஒண்ணு சொல்லுதாக. வண்டின்னா எனக்கு ஓட்டத் தெரியாது. எந் தம்பி பேர்ல எழுதிக்கிறலாமா?"

"எந்த வண்டி?"

"குலுக்கல்ல விழுந்துச்சுல்ல?"

அந்த லேமினேஷனுக்குள் தங்கக் கொடியும் வெடித்துச் சிதறுகிற நட்சத்திரமும் மினுங்கின. எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும், நம்பர் போட்ட பாதிச் சீட்டைக் கையில் கொடுத்தால் அது பரிசுக் கூப்பன். நாட்டில் பாதிப் பேருக்குக் கூப்பன் அடித்துக் கொடுக்கிற ஊர் இது.

"பரிசுன்னு யாரு சொன்னதுக்கா?" என்றேன்.

"யாரு சொல்லணும்? மொதல்ல இதுவும் ஏமாத்துக் குலுக்கலோன்னுதான் பயந்தோம். கடைக்காரக சொந்தக்காரகளுக்கே விழும்படியா பண்ணுவாக. நீங்க சொந்த அத்தைக்கே சீட்டு இல்லன்னுட்டீகளே. அப்பவே எல்லாருக்கும் நம்பிக்க வந்துருச்சு. ஒங்க அத்த வேன்ல தெனமும் அதச் சொல்லித்தான் பெருமப்படுவாக."

நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு கர்வம். "நாயம்னா நாயம்தான். நான் வாயத் தெறந்து கேட்டேனா?" என்றாள். அவளும் நம்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். தனக்குக் கிடைக்க வேண்டியதை நியாயத்துக்காக விட்டுக்கொடுத்ததாக நினைத்துச் சந்தோஷமாக இருந்திருக்கிறாள்.

வழிகாட்டியை அன்று மத்தியானமே கூப்பிட்டேன். எங்கள் வீட்டு மாடியில்தான் சிக்னல் கிடைக்கும். வெயிலில் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு நடந்தபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தேநீர் குடித்தார். "முதலில் உண்மையைச் சொல்லிவிடு. இதுவரை வாங்கிய பதில்களை நம்ப முடியாது. மறுபடியும் சம்மதம் கேள், மறுத்தால் விட்டுவிடு" என்றார்.

"சொன்னால் யாரும் பேசமாட்டார்கள். வேறு ஊர் தேட நாள் இல்லை. பட்டம் போய்விடும். அதைவிட, என் அத்தையின் கதி என்ன?"

இந்தத் தடவை அவர் தேநீரை மறந்துவிட்டார். "அது கஷ்டம்தான். ஆனாலும் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது, இல்லையா?"

அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததால்தான் அவர்மேல் அத்தனை கோபம் வந்தது. எங்கோ ஒரு மழை ஊரில் உட்கார்ந்துகொண்டு என் அத்தையின் தெருவைப் பற்றிச் சரியாகப் பேசுகிறாரே என்று பல்லைக் கடித்தேன். கீழே வந்து அப்பாவிடம் சொன்னபோது அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நல்ல தாளா இருக்கேன்னுதான எடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அத்தையிடம் மறுநாள் சொன்னேன். வேனிலிருந்து இறங்கி, குளித்துவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் உட்காராமல் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே சொல்லி முடித்தேன்.

"அப்ப ஒண்ணுமே இல்லியா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல அத்த."

"எனக்கு இல்லன்னது?"

"அது படிப்புல உள்ள விதி."

துண்டைக் கொடியில் போட்டாள். எடுத்து உதறி மறுபடியும் போட்டாள். "சொல்லாம விட்டா என்ன? நீ பாட்டுக்குப் போயிரு. கொஞ்ச நாள் கேப்பாக, அப்புறம் மறந்துருவாக."

"அது தப்பு அத்த."

"சொன்னா ஒருத்தியும் ஒனக்கு வாயத் தெறக்க மாட்டா. அப்புறம் ஒன் படிப்பு?"

"போனாப் போகட்டும்" என்றேன். போகட்டும் என்று நான் நினைக்கவே இல்லை. வீட்டில் முதல் ஆளாகப் படிக்கப் போனவள் நான். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "உக்காரு புள்ள. ஒன்னப் பாத்தா எனக்குத் தல சுத்துது" என்றாள்.

கோயில் முன்னால் மறுபடியும் கூட்டினோம். குலுக்கலுக்கு வந்ததைவிடக் கூட்டம் அதிகம், பரிசு கொடுக்கப்போகிறார்கள் என்று நம்பர் வராதவர்களும் பார்க்க வந்திருந்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று நான் வார்த்தை வார்த்தையாக யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் போய் நின்றாள்.

"பரிசு கிரிசு ஒண்ணும் கெடையாது" என்றாள். "இந்தப் பிள்ள கேள்வி கேட்டு எழுதத்தான் வந்துச்சு. பரிசு இருக்குன்னு கெளப்பிவிட்டது நான். சும்மா கூப்பிட்டா வரமாட்டீகன்னு நாந்தான் அப்பிடிப் பண்ணுனேன். இதுக்கு ஒண்ணும் தெரியாது. இது மேல கோவப்படாதீக."

"பொய்!" என்று நான் கத்தினேன். "அத்தைக்கும் தெரியாது. அந்தத் தாளப் பாத்துட்டு ஒங்கள மாதிரியே அவுகளும் பரிசுன்னு நம்பிட்டாக. அத்த ஒண்ணும் கெளப்பிவிடல." எனக்கு மூச்சு வாங்கியது, குரல் உடைந்தது. கூட்டத்தில் யாரோ உச்சுக் கொட்டினார்கள். "அத்தைய விட்டுக்கொடுக்குமா பிள்ள?" என்றது ஒரு குரல். நான் மறுபடியும் சொன்னேன். சொல்லச் சொல்ல என்னை இன்னும் இரக்கமாகப் பார்த்தார்கள். உண்மையை எப்படிக் கேட்டு வாங்குவது என்று ஒரு வருஷம் படித்தவள் நான், அதைச் சொல்லி நம்பவைக்க எனக்குத் தெரியவில்லை.

கைக்குழந்தைக்காரி எழுந்து அத்தையிடம் வந்தாள். சண்டை போடவில்லை. "எந் தம்பிகிட்ட வண்டி வருதுன்னு சொல்லிட்டேனேக்கா" என்றாள். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அத்தை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் தெருவென்றும் பார்க்காமல் அவளைத் திட்டினேன். கோபத்தில் அழுகை வந்தது. "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்பிடி இப்பிடிப் பண்ணலாம்?"

"நீ மட்டும் எங்கிட்ட கேட்டா சட்டம் போட்ட?" என்றாள் அத்தை. கொஞ்ச தூரம் போனபிறகு, "ஒம் படிப்பு நின்னுபோச்சுன்னா எங்கண்ணன் மூஞ்சில நான் எப்பிடி முழிப்பேன்? இவுக கோவம் ரெண்டு நாள்ல போயிரும். நம்ம தெருதான?" என்றாள்.

அவள் கணக்கு ஒரு பக்கம் பலித்தது. நான் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அவர்களே கூப்பிட்டார்கள். "பாவம், படிக்க வந்த பிள்ளையப் போட்டு அலையவிட்டுட்டா. அவ பேச்சக் கேட்டு, இருக்கதக் காட்டுனாப் பரிசு கெடைக்காதுன்னு நாங்களும் ஒனக்குப் பொய்யாச் சொல்லிட்டோம். இப்பக் கேளு" என்றார்கள். டிவி சுவருக்குத் திரும்பி வந்திருந்தது. நெல் மூடையின் போர்வையை எடுத்துவிட்டு, அதிலிருந்தே எனக்கு மோர் எடுத்துக் கொடுத்தாள் அந்த வீட்டுக்காரி. காலண்டர் பைண்டிங், புளி தட்டுகிற வேலை, காரியாபட்டிப் பக்கம் பருத்தி எடுக்கப் போவது, பிள்ளைகளை எந்த மாதத்தில் அம்மா வீட்டில் கொண்டுபோய் விடுவது என்று எல்லாவற்றையும் சொன்னார்கள். என் கை வலிக்க வலிக்க எழுதினேன். எந்த ஆராய்ச்சிக்காரரும் பொறாமைப்படுகிற மாதிரிப் பதில்கள். ஒவ்வொரு வீட்டிலும் அத்தைக்காகப் பேசிப் பார்த்தேன். "சரி சரி, அத விடு. அடுத்த கேள்வி என்ன?" என்றார்கள்.

ஊரை விட்டுக் கிளம்புகிற வாரம் காலையில் அத்தையோடு வேன் நிற்கிற இடம்வரை போனேன். ஒருத்தரும் அவளைத் திட்டவில்லை, முகத்தைச் சுளிக்கக்கூட இல்லை. எல்லாரும் அவரவர் சாப்பாட்டுத் தூக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேன் வந்தது. வேறொருத்தி தலை எண்ணினாள். அத்தை எல்லாருக்கும் பின்னால், கடைசி ஆளாக ஏறினாள். நான் ஓடிப்போய் வேனை மறித்துக் கத்தலாமா என்று நினைத்தேன். ஏற்கெனவே கத்திப் பார்த்தாகிவிட்டது.

மழை ஊருக்குத் திரும்பிப்போய் ஆய்வேட்டை எழுதினேன். முதல் சுற்றுப் பதில்களைத் தூக்கிப் போட வேண்டாம், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுது, அதுவே நல்ல அத்தியாயமாகும் என்றார் வழிகாட்டி. யார் பேரும் வரக் கூடாது என்பது விதி. அதனால் நடந்ததைச் சொல்லும் இடத்தில் அத்தை 'உள்ளூர் உதவியாளர்' ஆனாள். பேட்டிகளில் யாருடைய பேர் வந்தாலும், அத்தை பேரே வந்தாலும், அதற்குப் பதில் ஓர் எழுத்து. எழுதும்போது நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து ஜன்னலுக்குப் போனேன். அடுத்த அறைக்காரி, ராத்திரி பகலாக நடக்கிறாயே, உடம்புக்கு ஏதாவதா என்று கதவைத் தட்டிக் கேட்டாள்.

வரைவைப் படித்துவிட்டு வழிகாட்டி திருப்பி அனுப்பினார். ஓரத்தில் நிறையப் பாராட்டு. முறையியலில் இத்தனை நேர்மையான ஒரு அத்தியாயத்தைச் சமீபத்தில் படித்ததில்லை என்று எழுதியிருந்தார். ஓர் அட்டவணைக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு சந்தேகம் கேட்டிருந்தார். ஓர் அவசரம், ஆபத்து என்றால் முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள் என்று இரண்டு சுற்றிலும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தேன். முதல் சுற்றில் டிவியை ஒளித்தவர்களும் கஞ்சி என்று அழுதவர்களும் இந்தக் கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொல்லியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு ஒரே ஆள்தான், அதனால் அட்டவணை முழுக்க ஒரே எழுத்து. இரண்டாவது சுற்றில் மாமியார், கொழுந்தன், பக்கத்து வீடு என்று விதவிதமாக இருந்தது.

'முதல் சுற்றில் எல்லா வீட்டிலும் வருகிற இந்த நபர், இரண்டாவது சுற்றில் ஒரு வீட்டில்கூட இல்லை. இடைப்பட்ட நாட்களில் அவர் ஊரை விட்டுப் போய்விட்டாரா?' என்று கேட்டிருந்தார் வழிகாட்டி.

வெகுநேரம் அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தேன். அப்புறம் உட்கார்ந்து, அந்தக் கேள்விக்குக் கீழே பதில் எழுதினேன்.

'இல்லை. அங்கேதான் இருக்கிறார்.'